கறுப்புக் கோட்டிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

ஜவுளி வடிவமைப்பு படித்து முடித்திருக்கிறேன். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் துணிச் சேகரிப்பில் ஆறு மாதம் இன்டர்னாகச் சேரப்போகிறேன். 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிகளை (கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளை) பரிசோதித்து, துணி எந்த நிலையில் இருக்கிறது என்று நிலை அறிக்கை எழுதி, புதிதாகச் சுற்றி வைக்க உதவ வேண்டுமாம். பழந்துணி எதையும் நான் தொட்டதில்லை. போவதற்குமுன் எதைக் கற்றுக்கொள்வது? கையுறை கட்டாயமா?

எஸ்

அன்புள்ள எஸ்,

கையுறையை முதலில் முடித்துவிடுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்த கை பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் போதும். வெள்ளைப் பருத்திக் கையுறை பிரிந்த நூலில் மாட்டி இழுக்கும். சரிகை இருந்தால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். பழைய சேகரிப்புகளில் பூச்சிக்காக ஆர்செனிக், டிடிடி எல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் இருந்தாலும் நைட்ரைல்தான். அது துணிக்காக அல்ல, உங்களுக்காக. மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். எழுதப் பென்சில் மட்டும்.

கற்றுக்கொள்ள வேண்டியது, இந்தத் துணியைச் செய்த முறையை. எது எங்கே கெடும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். அதன்மேல் இரும்புக் கரைசலால் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கறுக்கும். படிகாரம் தீட்டிய இடம் சாயவேரோடு கொதிக்கும்போது சிவக்கும். நீலம் பிடிக்கக் கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளைக் கடைசியில் மேலே தீட்டுவார்கள். நீலத்தின்மேல் அதைத் தீட்டினால் பச்சை. பிறகு கஞ்சி போட்டு, சிப்பியால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

சிவப்பு இன்றும் அப்படியே நிற்கும். ஆபத்து கறுப்பில்தான். அந்த இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையை அரித்துவிடுகிறது. முதலில் கோட்டை ஒட்டிப் பழுப்பு படரும், பிறகு இழை நொறுங்கும், கடைசியில் கோடு இருந்த இடத்தில் கீறல்தான் மிஞ்சும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் இது நன்றாகத் தெரியும். பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். காட்சிக்கூடத்திலேயே துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் அனுமதிப்பார்கள். ஒளியால் வரும் கேடு சேர்ந்துகொண்டே போகும், இருட்டில் வைத்தாலும் ஆறாது.

ஒளியில் முதலில் போவது மஞ்சள். அதனால்தான் இந்தத் துணிகளில் இவ்வளவு நீல இலைகள். அறிக்கையில் ‘நீல இலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தையலுக்குள்ளும் மடித்துத் தைத்த ஓரத்திலும் மஞ்சளின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, எந்த இடம் என்று குறியுங்கள். கஞ்சி மெருகு ஒரு முறை நனைந்தாலே போய்விடும். ஆகவே, ஈரப் பஞ்சால் அழுக்கைத் துடைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். அந்தக் கஞ்சியைத் தேடி வெள்ளிமீன் பூச்சியும் வரும். ஒட்டுப்பொறிகளைப் பார்க்கும் வேலை கிடைத்தால் மனமுவந்து செய்யுங்கள்.

அளவு எடுக்கும்போது பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டையும் இழை எண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று மூன்று இடங்களில் எண்ணுங்கள். பின்பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரை இருந்தால், கம்பெனி வழியாக வந்தது என்பதற்கு அது பெரிய சான்று. துணியின் நெய்த ஓரத்தில் மூன்று நீல இழை ஓடினால் அது நம் சோழமண்டலக் கரையில் நெய்ததே அல்ல: 1774 முதல் 1811 வரை பிரிட்டனில் நெய்த முழுப் பருத்தித் துணிக்குச் சட்டம் கேட்ட அடையாளம் அது.

சுற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். குழாய் குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டம், துணியைவிட இரு பக்கமும் ஒரு சாண் நீளம். சாதா அட்டைக் குழாயிலிருந்து அமிலம் ஏறும் என்பதால் முதலில் பாலியஸ்டர் படலம், அதன்மேல் அமிலமற்ற டிஷ்யூ தாள். பாவு ஓடும் திசையிலேயே சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் தாள் போகட்டும். உள்துணி வைத்துத் தைத்ததென்றால் முகப்பு வெளியே இருக்க வேண்டும். மாற்றிச் சுற்றினால் சுருக்கம் ஓவியத்தில் விழும். கடைசியில் கழுவிய காடாத்துணி உறை, அகலமான பருத்தி நாடா. நாடாவின் அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டிய நாடா சில வருடங்களில் பள்ளம் போட்டுவிடும். குழாயின் இரு முனைகளையும் தாங்கியில் வையுங்கள், துணியின் எடை துணிமேல் விழக் கூடாது.

கறுப்பு நொறுங்கத் தொடங்கிய துணியைச் சுற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இடம் எவ்வளவு நெருக்கடியானாலும் அது பலகையில் தட்டையாகத்தான் கிடக்க வேண்டும். நீங்கள் இன்டர்ன்தான், ஆனாலும் வேலையை நிறுத்தி, பழந்துணிகளைப் பேணும் பாதுகாப்பு வல்லுநரை (கன்சர்வேட்டரை) அழைத்துக் காட்டுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உதிர்ந்த துணுக்கு மேசையில் கிடந்தால் பெருக்கித் தள்ளாமல், சேர்க்கை எண்ணும் (அருங்காட்சியகப் பதிவேட்டில் அந்தத் துணிக்குள்ள எண்) உதிர்ந்த இடமும் எழுதி உறையில் போடுங்கள்.

சேர்வதற்குமுன் கிழக்கு லண்டனில் 2025 மே மாதம் திறந்த வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத்தின் கிடங்கான வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸுக்குப் போய் வாருங்கள். முன்பதிவு செய்தால் கிடங்கிலிருந்து பொருளை எடுத்துவந்து அருகில் காட்டுவார்கள். சோழமண்டலச் சீட்டி ஒன்றைக் கேளுங்கள். பின்பக்கத்தையும் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.