கேள்வி பதில்: பாகு ஆளைக் கொல்லுமா?

கேள்வி: அமெரிக்காவில் சர்க்கரைப் பாகு வெள்ளமாக வந்து ஆட்கள் செத்தார்கள் என்கிறாள் மகள். பாகு மெதுவாகத்தானே வழியும், ஓடித் தப்பியிருக்கலாமே? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: நடந்ததுதான். 1919 ஜனவரி 15, பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதி, மதியம் பன்னிரண்டரை தாண்டியிருந்தது. ஆல்கஹால் தயாரிப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) டாங்க் வெடித்தது. உயரம் 15 மீட்டர், விட்டம் 27 மீட்டர், உள்ளே சுமார் 87 லட்சம் லிட்டர். மொலாசஸ் தண்ணீரைப்போல 1.4 மடங்கு கனம். அதாவது 12,000 டன்.

கரண்டியில் சொட்டும் பாகை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இத்தனை எடையைத் தாங்கிய சுவர் சட்டென்று விலகினால், முதல் சில நொடிகளில் பிசுக்குக்கு வேலையே இல்லை. அலை 7 மீட்டருக்கு எழும்பி, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்பது கணிப்பு. பிசுக்கு அதற்கப்புறம்தான் கொன்றது: குளிரில் ஆற ஆறப் பாகு இறுகிவிட்டது, சிக்கியவர்களை இழுத்தெடுக்க முடியவில்லை. 21 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேருக்குக் காயம். தெருவைக் கழுவக் கடல்நீரைப் பாய்ச்சினார்கள்.

கேள்வி: குண்டு வைத்ததாகப் படித்தேனே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: அது டாங்க் வைத்திருந்த கம்பெனியின் வாதம், வழக்கில் எடுபடவில்லை. டாங்க் நிறைந்திருக்கும்போது அடிவரிசைத் தகட்டில் ஒரு மீட்டர் உயரப் பட்டையை மட்டும் சுமார் 280 டன் விசை இழுக்கும். அதற்குப் போட்ட தகடோ வேண்டியதில் பாதித் தடிமன்தான். எஃகில் மாங்கனீஸ் குறைவு, ஆகவே குளிரில் நொறுங்கும் குணம். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) துளைகளின் ஓரத்தில் விரிசல். 1915இல் கட்டியபோது தண்ணீர் விட்டுச் சோதித்தது வெறும் 6 அங்குலம்! ஒழுகல் கண்ணில் படாமலிருக்க டாங்குக்குப் பழுப்புப் பெயின்ட் வேறு அடித்தார்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய டாங்க் எழும்புகிறது. என்ன கேட்பது? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

பதில்: முதலில் தண்ணீர்ச் சோதனை. சரக்கு நிற்கும் மட்டம்வரை தண்ணீரைப் படிப்படியாக நிரப்பி, நிறுத்திவைத்து, வெல்டிங்கையும் அஸ்திவாரம் இறங்குகிறதா என்பதையும் பார்த்தார்களா? அந்த அறிக்கையைக் கேளுங்கள். சரக்கு தண்ணீரைவிடக் கனமென்றால் இந்தச் சோதனை முழுச் சுமையைக் காட்டாது; எந்த அடர்த்திக்குத் தகட்டின் தடிமனைக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். 1988இல் பென்சில்வேனியாவில் முழுத் தண்ணீர்ச் சோதனை செய்யாத டீசல் டாங்க் ஒன்று முதல் நிரப்பலிலேயே பிளந்து, டீசல் ஆற்றில் கலந்தது.

அடுத்தது சுற்றுச்சுவர். பெரிய டாங்கின் முழுக் கொள்ளளவும் அதற்குள் அடங்க வேண்டும். 110 சதவீதம் வைப்பது வழக்கம். ஆனால் அது கசிவுக்குத்தான் காப்பு. டாங்க் ஒரேயடியாகப் பிளந்தால் அலை சுவரைத் தாண்டிவிடும், பென்சில்வேனியாவிலும் தாண்டியது. மழைநீரை வெளியேற்றும் வால்வு எப்போதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் அதைத் திறந்துவிட்டு மறப்பது சகஜம்.