சில்வர் கலர் கார் பம்பர் கிழிந்தால் ஒட்டிப் பெயிண்ட் அடிப்பதா, புதிது மாற்றுவதா?

நீங்கள் கேட்டது: சில்வர் கலர் ஹேட்ச்பேக், ஆறு வருட வண்டி. பைக் மோதிப் பின் பம்பரின் இடது மூலை கிழிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் புது பம்பர்தான் போட வேண்டும் என்கிறார்கள், வெளிப் பட்டறையில் ஒட்டிப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். எது சரி, கலர் ஒன்றாக வருமா?

முதலில் பம்பரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். நான் கோவையில் பெயிண்ட் பட்டறை நடத்துகிறேன். வெளியே கோரமாகத் தெரிந்த பம்பர் சுத்தமாகச் சரியானதும் உண்டு, சின்னக் கீறல்தான் என்று வந்தது உள்ளே உடைந்து போய் மாற்ற வேண்டி வந்ததும் உண்டு.

பம்பரை வண்டியோடு பிடித்து வைப்பது ஓரத்தில் காது மாதிரி இருக்கும் லாக்குகளும், இரண்டு பக்கமும் இருக்கும் பிராக்கெட்டும், கிளிப்புகளும்தான். இவை முழுசாக இருந்தால், அல்லது ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால், கிழிசல் ஒரு சாண் நீளம் இருந்தாலும் ஒட்டிவிடலாம். கிளிப், பிராக்கெட் தனியாகவே கிடைக்கும். வரிசையாக லாக் உடைந்திருந்தாலோ, ஒரு துண்டு காணாமல் போயிருந்தாலோ, சென்சார் உட்காரும் இடத்திலேயே பிளந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். லாக் போன பம்பரை ஸ்க்ரூ அடித்து நிறுத்துவார்கள். கொஞ்ச நாளில் ஓரம் தொங்க ஆரம்பிக்கும். அப்படியே பின்னால் இருக்கும் இரும்புப் பேனலையும் பாருங்கள். அது மடங்கியிருந்தால் புது பம்பரே போட்டாலும் இடைவெளி விட்டுத்தான் நிற்கும்.

அதே உள்பக்கத்தில் பிளாஸ்டிக் வகையை அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் பிபி, இபிடிஎம் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். பாலிப்ரொப்பிலீனில் ரப்பர் கலந்தது என்று அர்த்தம். இதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூட்டில் உருக்கி வெல்டிங் வைக்க வேண்டும், பின்பக்கம் கம்பி வலையோ சூடாக்கி இறக்கும் பின்னோ கொடுத்து பலப்படுத்த வேண்டும். கிழியாமல் வெறுமனே அமுங்கியிருந்தால் வேலை இன்னும் சுலபம். சூடு காட்டி உள்ளிருந்து தள்ளினாலே பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

வெல்டிங்குக்கு மேல் மேடுபள்ளம் நிரப்ப வைக்கும் பட்டியில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். இரும்புக்கு வைக்கிற பட்டியையே பம்பருக்கும் வைத்தால், பம்பர் வளையும்போது பட்டி வளையாது, வெடிக்கும். பிளாஸ்டிக் பட்டி என்று தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் முதலில் பிளாஸ்டிக் ப்ரைமர், அதாவது பெயிண்ட் பிடித்து நிற்க அடியில் அடிக்கும் பூச்சு, கட்டாயம். வாட்டர் வாஷில் பம்பர் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ப்ரைமர் இல்லாததும், எண்ணெய் வாக்ஸ் போகக் கழுவாததும்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, கலருக்கு வருவோம். புது பம்பர் என்றால் கம்பெனிக் கலரிலேயே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் அது பெயிண்ட் இல்லாமல் கறுப்பாகத்தான் வருகிறது. சர்வீஸ் சென்டரிலும் ஒரு பெயிண்டர்தான் அடிக்கப் போகிறார். ஆகவே ஒட்டினாலும் மாற்றினாலும் கலர் மேட்சிங் பிரச்சினை ஒன்றேதான்.

வண்டியில் பெயிண்ட் கோடு, அதாவது கலரின் குறியீடு, ஸ்டிக்கரிலோ தகட்டிலோ இருக்கும், கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ தேடுங்கள். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்பது மாதிரி. அந்தக் கோடு ஆரம்பம் மட்டும்தான். ஒரே கோடுக்குள்ளேயே கொஞ்சம் வெளுத்தது, கொஞ்சம் நீலம் தட்டியது என்று வகைகள் மிக்ஸிங் கடையில் இருக்கும். ஆறு வருட வெயில் வேறு. அதனால் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் பாடியை முதலில் பாலிஷ் போட்டுவிட்டு அதோடுதான் ஒப்பிட வேண்டும். அழுக்கோடு ஒப்பிட்டு அடித்தால், பிறகு என்றைக்காவது பாலிஷ் போடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சில்வரில் அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. ஒரே டப்பா பெயிண்ட்டை ஸ்ப்ரே கன்னில் ஈரமாக அடித்தால் துகள்கள் உள்ளே இறங்கிக் கலர் கறுக்கும். காற்றைக் கூட்டி உலர்வாகத் தூவினால் மேலே படுத்துக்கொண்டு வெளுக்கும். ஆகவே கலர் பாதி டப்பாவில், மீதி பெயிண்டர் கையில். நல்ல பெயிண்டர் நேராகப் பம்பரில் அடிக்க மாட்டார். ஒரு அட்டையில் அதே கன், அதே அழுத்தத்தில் அடித்து, அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சும் போட்டு, காய்ந்த பிறகு வண்டியை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். கிளியர் போடாத அட்டை ஏமாற்றும். ட்யூப்லைட்டிலும் பார்க்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நேராக, ஒருமுறை பக்கத்தில் சாய்ந்து நின்று பாருங்கள். நேரில் ஒத்துப்போய்ச் சாய்வில் கறுத்தால் கலவையைத் திருத்த வேண்டும். நானாக இருந்தால், டெஸ்ட் அட்டை காட்டாத பட்டறையில் சில்வர் வண்டியை விடமாட்டேன்.

மூலையில் மட்டும் டச்சப் வேண்டாம், முழு பம்பரும் அடியுங்கள். பாதியில் நிறுத்திய கிளியர் கோட்டின் விளிம்பு பின்னாளில் கோடாகத் தெரியும். சிலர் கலர் தெரியாமலிருக்கப் பக்கத்துப் பாடியிலும் கொஞ்சம் இழுத்து அடிக்கலாம் என்பார்கள். மேட்ச் நன்றாக வரும், ஆனால் பம்பருக்காக நல்ல கம்பெனிப் பெயிண்ட் மேல் கை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புது வண்டியிலேயே பம்பரும் பாடியும் நூல் பிடித்தாற்போல் ஒன்றாக இருக்காது. பாடி பெயிண்ட் 140 டிகிரி அளவில் வேகிறது. அந்தச் சூட்டில் பம்பர் உருக்குலைந்துவிடும் என்பதால் அதைத் தனியாக, குறைந்த சூட்டில் அடிக்கிறார்கள்.

கோவை உக்கடத்துப் பழைய பார்ட்ஸ் கடையில் அதே கலரில் பழைய பம்பர் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். லாக் ஒரிஜினலாக இருந்தால் வாங்கலாம், ஆனால் பெயிண்ட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொரு வண்டி பட்ட வெயில் வேறு, கலர் ஒத்துப்போகாது. விலை குறைந்த டூப்ளிகேட் பம்பர் மட்டும் வேண்டாம், ஓரங்கள் உட்காராது.

இன்சூரன்ஸில் போடலாமா? ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவர், இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள். பெயிண்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்து, அதிலும் பாதியைக் கழிப்பார்கள். அப்புறம் 1500 சிசி வரையான வண்டிக்குக் கட்டாயமாக 1000 ரூபாய் உங்கள் பங்கு. உதாரணத்துக்கு பம்பர் 6000, பெயிண்ட் 4000 என்று வைத்தால் வரி நீங்கலாக 5500தான் கைக்கு வரும். கிளெய்ம் போடாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் ஏறியிருந்தால் அதுவும் அடுத்த வருடம் போய்விடும். ஒட்டிச் சரியாகும் வேலைக்குக் கிளெய்ம் போடாமல் இருப்பதுதான் லாபம்.

நீங்கள் சொன்ன இடத்தில் லாக் தப்பியிருந்தால் நான் வெல்டிங்தான் வைப்பேன். வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸ் போட்டுச் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், மேலே பெயிண்ட் தடித்தால் அது தப்பாகக் கத்தும். புதுப் பெயிண்ட்டுக்கு ஒரு மாதம் வாக்ஸ் போட வேண்டாம், உள்ளிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். அதுவரை பிரஷர் வாஷும் வேண்டாம், பக்கெட் தண்ணீரும் துணியும் போதும்.