தோப்புக்கு வந்த தொகையைத் தொடாமல் இருந்தால்?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே கடலோரக் கிராமத்தில், அப்பா கிரயம் வாங்கிய 82 சென்ட் தென்னந்தோப்பை அரசு சாலைக்காக எடுக்கிறது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி போன மாதம் தீர்வம் (இழப்பீட்டுத் தொகையை முடிவுசெய்யும் உத்தரவு) பிறப்பித்துவிட்டார்கள். அன்று நான் போகவில்லை. தொகை அடிமாட்டு விலை. அதற்கு முன் விசாரணைக்குப் போனபோது தாசில்தார் உட்காரக்கூடச் சொல்லவில்லை. போன வாரம் வந்த நோட்டீஸைத் தபால்காரரிடமே திருப்பிவிட்டேன், பணத்தையும் தொடமாட்டேன். அப்பா, அம்மா இருவரும் இல்லை, உயிலும் இல்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்த அக்கா, கூட்டுப் பட்டாவைக் காட்டிப் பாதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தாசில்தார் நாற்காலி காட்டாததற்குச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. நகைக் கணக்கும் இங்கே செல்லாது. நிலம் எடுப்பதையே ஆட்சேபிப்பதற்கான 60 நாள் கெடு முடிந்து தீர்வமும் வந்துவிட்டதால், நிலத்தை மீட்கும் பேச்சையும் விடுங்கள். மிச்சமிருப்பது கூடுதல் தொகை கேட்கும் உரிமை மட்டும்தான். அதையும் நீங்களே கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கூடுதல் தொகை கேட்டு அந்தச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி மனுப்போட, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வத் தேதியிலிருந்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அதுவே கெடு. திருப்பிய உறையில் தபால்காரர் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருப்பார். நோட்டீஸ் சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்ததாகவே, அதை எடுத்துக்கொள்வார்கள். தாமதத்தை ஓராண்டு வரை மன்னிக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கோபம் தக்க காரணம் ஆகாது.

பணத்தைத் தொடாவிட்டால் அரசு இறங்கி வரும் என்று நம்பிய என் வழக்குக் கட்சிக்காரர்களைத் தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை பார்த்திருக்கிறேன். நடப்பது வேறு. 77ஆவது பிரிவின்படி தொகையை, இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் கட்டிவிட்டு அதிகாரி கோப்பை மூடிவிடுவார். நிலத்தைக் கைக்கொண்ட நாளிலிருந்து முதலாண்டுக்கு 9 சதவீதமும் பிறகு 15 சதவீதமும் ஓடவேண்டிய வட்டி, கட்டிய நாளோடு நின்றுவிடும். சாலையில் பஸ் ஓடும். உங்கள் பணம் அங்கேயே கிடக்கும்.

மனம் மாறி அவசரமாக வாங்கப் போகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். வங்கிக் கணக்கு விவரம் கேட்டு அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டுவார்கள். அதன் அடியில் ‘முழுச் சம்மதத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது: ஆட்சேபணையின்றித் தொகை பெற்றவர் 64ஆவது பிரிவின்கீழ் மனுப்போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, ‘தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பணம் நேராகக் கணக்கில் விழுந்துவிடும் என்பதால், இதையே தனிக் கடிதமாகவும் முன்கூட்டியே கொடுத்து, அலுவலக முத்திரையுடன் நகல் வாங்கிவிடுங்கள்.

பிறகு கையிலுள்ள சான்றைப் பாருங்கள். சந்தை மதிப்பைக் கணக்கிட முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களில் அதிக விலை கொண்ட பாதியை எடுத்துச் சராசரி காண்பார்கள். முத்திரைக் கட்டணத்தை மிச்சம்பிடிக்க நம் பக்கத்தில் பலரும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டுவிட்டு, நிலம் எடுக்கும்போது மட்டும் உண்மை விலை கேட்கிறோம். பக்கத்து நிலங்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தேடுங்கள். நல்ல விலைப் பத்திரம் எதுவும் சிக்காவிட்டால், தென்னைகளின் எண்ணிக்கை, வயது, காய்ப்பு சரியாக மதிப்பிடப்பட்டதா என்பதை மட்டும் பிடியுங்கள். கூடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறுதல் தொகையாக இன்னொரு ரூபாய் சேரும்.

அக்காவுடன் வழக்கு வேண்டாம். அப்பாவின் சுயசம்பாதனைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி மகனும் மகளும் சம வாரிசுகள். தகராறு இருக்கும்வரை தொகை ஆணையத்தில் முடங்கும். தோற்கப்போகும் வழக்குக்காக உங்கள் பாதியையும் சேர்த்துப் பூட்டிவைப்பீர்கள். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி முடியுங்கள். சரிபாதி என்று இருவரும் கூட்டு மனுக் கொடுங்கள். ஆட்சேபணைக் கடிதத்தை இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவருடைய பங்குக்குக் கூடுதல் கேட்க வழியில்லாமல் போகும்.