சிகரெட்டே தொடாத அம்மாவுக்கு ஏன் இந்த இளைப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. மூன்று வருடமாகக் காலையில் சளியோடு இருமல். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறியவர், இந்த வருடம் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள், இன்னொன்றில் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். அது சிகரெட் குடிக்கிறவர்களுக்கு வருவதுதானே டாக்டர்? அம்மா தொட்டதே இல்லை.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா இளவயதில் எங்கே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ரப்பர் தோட்டமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். லயத்து வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு என் அம்மா அடுப்பு மூட்டுவார். பால்மர விறகு, மழைக்காலத்தில் ஈரம் வேறு. கன்னம் உப்ப ஊதாங்குழலை ஊதிவிட்டு அடுத்த மூச்சை இழுக்கும்போது, எதிரே நிற்கும் புகைதான் உள்ளே போகும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவார். பால் வெட்டிவிட்டு வந்தால் மத்தியானமும் அதே அடுப்பு. இப்படி இருபது வருடத்துக்கு மேல்.

சிஓபிடிக்கு முதல் காரணம் சிகரெட்தான், சந்தேகமில்லை. ஆனால் விறகுப் புகை, வீட்டுக்குள் மற்றவர் ஊதிய புகை, வேலையிடத்துத் தூசு ஆகியவற்றாலும் வரும். பிறவியிலேயே ஒரு புரதம் குறைவாக இருந்து வருவதும் உண்டு, அது அபூர்வம்.

உள்ளே கெடுவது இரண்டு விதம். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி கட்டுவது ஒன்று. வருடத்தில் மூன்று மாதமாவது சளி இருமல் இருந்து, அது அடுத்தடுத்து இரண்டு வருடம் வந்தால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்போம். மற்றது எம்பிசீமா. நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகளின் சுவர் சிதைந்து, பழைய பலூன் மாதிரி தொய்ந்துவிடும். இழுத்த காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும், புதுக் காற்றுக்கு இடமிருக்காது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆஸ்துமா பெரும்பாலும் வந்து வந்து போகும், நடுவில் ஆள் நன்றாக இருப்பார். சிஓபிடி அப்படி விட்டுப் போகாது, மெல்லக் கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எக்ஸ்ரே போதாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை கேளுங்கள். இன்ஹேலர் கொடுத்த பிறகும், ஊதித் தள்ளும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சிஓபிடி என்று எடுத்துக்கொள்வோம். 'ஊதுங்க, இன்னும், இன்னும்' என்று பக்கத்தில் நின்று கத்த வேண்டிய சோதனை அது. (ஊதாங்குழல் பிடித்த அம்மாக்கள் பிரமாதமாக ஊதுவார்கள்.) கையோடு காசநோய்க்குச் சளியையும் பார்த்துவிடுங்கள், இதயத்தையும்தான்.

சிதைந்தது திரும்பாது. ஆனால் இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழகினால் நடை கூடும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுங்கள். வீட்டில் சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் நிறுத்துங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ தாமதிக்காமல் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் 'மூச்சு வாங்குதா?' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போவதை எப்போது நிறுத்தினார், ஈரத்துணி வாளியை இப்போது யார் தூக்குகிறார்கள் என்று கேளுங்கள். அதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.