லாஸ் வேகஸ் பழைய வரைபடம்: சாலைகள் கிழக்கே விலகித் தெரிவது ஏன்?

ஸ்கேன் செய்த பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்தால் சாலைகள் கிழக்கே விலகித் தெரிகின்றன என்கிறீர்கள். ஸ்கேன் பழுது அல்ல, டேட்டம்தான், அதாவது அட்சதீர்க்கங்களை எதிலிருந்து அளப்பது என்ற அடிப்படை. 1967-ஆம் ஆண்டுத் தாளின் அட்சதீர்க்கம் 1927-இன் வட அமெரிக்க டேட்டத்தில் உள்ளது. அதை 1983-இன் டேட்டம் என்று மென்பொருளுக்குச் சொல்லியிருப்பீர்கள். லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கில் அந்த வேறுபாடு கிழக்காகச் சுமார் 80 மீட்டர். நீங்கள் சொல்லும் விலகலும் அதுவே.

தாளின் மூலைகளில் உள்ள அட்சதீர்க்கங்களை 1927 டேட்டத்துக்கான எண் 4267 என்ற ஆய அமைப்பில் மென்பொருளுக்குக் கொடுத்து, பிறகு 1983-க்கு மாற்றுங்கள். 1980-களில் திருத்திய பதிப்பு கையில் இருந்தால் மூலைகளில் விட்டுவிட்டு வரைந்த சிறு கோடுகளைப் பாருங்கள். 1983-க்கு எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை ஓரக்குறிப்பே மீட்டரில் சொல்லும்.

மாற்றியது பொருந்துகிறதா என்று சரிபார்க்க ரயில் பாதையை எடுங்கள். நெடுஞ்சாலைச் சந்திப்புகள் வேண்டாம். அந்த ஊரில் அவற்றைப் பலமுறை இடித்துக் கட்டிவிட்டார்கள். திருத்திய பதிப்பில் ஊதா நிறத்தில் இருப்பவையும் வேண்டாம். அவை வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, களத்தில் சரிபார்க்கப்படாதவை.

சமஉயரக் கோடுகளை இன்றைய உயரத்தோடு கழித்து முடிவுக்கு வராதீர்கள். உயர டேட்டமும் மாறியிருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சியதில் பள்ளத்தாக்கின் வடமேற்கில் தரையே ஒன்றரை மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது.