ரப்பர் விளையையும் மகனையும் வங்கியிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. மகள் குடும்பத்தோடு துபாயில். மகனுக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன், பணம் எண்ணத் தெரியாது. இரண்டு ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்), வீடு, கொஞ்சம் வைப்புத்தொகை இருக்கிறது. வங்கியே டிரஸ்டியாக இருந்து சொத்தைப் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் எங்களுக்குப் பிறகு அவனுக்குக் குறை வராதா? நாங்கள் கிறிஸ்தவர்கள்.

பதில்: ஐயா, நேராகவே சொல்லிவிடுகிறேன். பணத்தை ஒப்படையுங்கள். விளையையும் மகனையும் ஒப்படைக்காதீர்கள்.

முதலில், ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். (பழைய திருவிதாங்கூர் வழக்கத்தை நினைத்துக்கொண்டு 'பெண்ணுக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே' என்று இன்றும் சொல்கிறவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள், மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986-இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை முடித்துவிட்டது.) ஆக, மகனுக்கு ஒரு பங்கு அவன் பெயரிலேயே வந்துவிடும், அதை அவனால் எடுக்கவும் முடியாது, காக்கவும் முடியாது. நாமினி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம், ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான், உடைமை அவருக்கு வந்துவிடாது.

அப்புறம் வங்கி விஷயம். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளையின் மேலாளர் இதைச் செய்யப்போவதில்லை. பெரும்பாலும் அந்தக் குழுமத்துக்குள் இருக்கும் தனிக் கம்பெனிதான் டிரஸ்டி. ஸ்டேட் வங்கிக் குழுமத்தில் எஸ்பிஐகேப் டிரஸ்டி, கோடக் குழுமத்தில் கோடக் மகிந்திரா டிரஸ்டீஷிப் என்று இருக்கின்றன. இவர்களால் நன்றாகச் செய்ய முடிந்தது எது என்றால் வைப்புத்தொகையைப் புதுப்பிப்பது, வட்டியை வாங்கி மாதாமாதம் குறித்த தொகையை அனுப்புவது, வரி கட்டுவது, கணக்கு எழுதி வைப்பது. இன்னொன்று, நிறுவனத்துக்கு வயதாகாது, அது இறந்துபோகாது. என் உறவில் ஒருவர் தன் தம்பியை எக்ஸிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுகிறவராகப் போட்டிருந்தார். தம்பி ஆறு மாதம் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார், மாற்று ஆள் பெயர் உயிலில் இல்லை, கடைசியில் பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு அலைந்து நிர்வாக உரிமைச் சான்று வாங்க வேண்டியதாயிற்று.

ஆனால் உங்கள் விளை? ஐப்பசி மழையில் பால் வெட்டு நிற்கிறதா, சிரட்டையில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கிறதா, பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துகிறார்களா, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன பால்) எடை சரியாக வருகிறதா என்பதெல்லாம் மும்பையிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இரண்டு ஏக்கருக்காக ஆள் வைக்கவும் மாட்டார்கள். அதனால் உங்களுக்குப் பிறகு விளையைக் குத்தகைக்கு விடலாமா, விற்றுப் பணத்தை டிரஸ்டில் சேர்க்கலாமா, யார் முடிவெடுப்பது என்று உயிலிலேயே தெளிவாக எழுதுங்கள். என் யோசனை, உங்கள் இருவர் காலத்துக்குப் பின் விற்க அனுமதி கொடுத்து, விலை பேசும்போது மகளின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது. வீட்டை மட்டும் அவன் ஆயுள் வரை விற்காமல் வையுங்கள், அவனுக்கு அது பழகிய இடம்.

மகனுக்கான டிரஸ்டை, அதாவது டிரஸ்டி அவனுக்காகச் சொத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை, இப்போதே சிறு தொகையில் தொடங்குங்கள். நீங்களும் மனைவியும் முதல் டிரஸ்டிகள், உங்களுக்குப் பின் அந்த நிறுவனம். மீதிச் சொத்து உயில் வழியாக வந்து சேரட்டும். 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தி டிரஸ்டியாக்க முடியாது, ஆகவே ஏற்றுக்கொள்கிறோம் என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் சொல்லாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்க உரிமையில்லை என்பதால் கட்டணத்தை அவர்களே எழுதச் சொல்வார்கள். தொடக்கக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், சொத்து மதிப்பில் சதவீதம் என்று தனித்தனியாக வரும், மூன்றையும் கூட்டி உங்கள் வைப்புத்தொகை வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டியில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும் என்றால் விட்டுவிடுங்கள், மகளையும் நம்பிக்கையான இன்னொருவரையும் சேர்த்து டிரஸ்டியாக்குவதே மேல். தங்கள் குழுமத்தின் பாலிசிகளிலும் ஃபண்டுகளிலும் இந்தப் பணத்தைப் போடக்கூடாது என்றும் கண்டிப்பாக எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும், மகன் ஒருவன்தான் பயனாளி என்று எழுதுவதைப் பற்றி ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மகனைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேறு. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு அவனுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் விசாரித்து, நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பணம் டிரஸ்டியிடம், கவனிப்பு பாதுகாவலரிடம் என்று பிரித்து வைத்தால் ஒருவர் கணக்கை இன்னொருவர் கேட்பார்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் மனைவி, கணவருக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. பாதுகாவலராக வரப்போகிற உறவினருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவரைச் சாட்சியாக்கிவிடாதீர்கள். சபையில் பழகிய, சொத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேர் போதும்.

கடைசியாக ஒரு கடிதம் எழுதுங்கள், இது சட்டப் பத்திரம் இல்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுவான், மரச்சீனிக்கிழங்கோடு எந்தக் கறி வேண்டும், இடி இடித்தால் பயப்படுவானா, எந்த மாத்திரை, எந்த மருத்துவர், யார் கையைப் பிடித்தால் அமைதியாவான், எல்லாமே. மனைவியைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள், உங்களை விட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். ஒரு பிரதி டிரஸ்ட் பத்திரத்தோடு இருக்கட்டும், ஒன்றை மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.