ஆடிக் காற்றில் குமரிக்குச் சைக்கிள் பயணம்

கேள்வி: நானும் என் தம்பியும் ஜூலை மாதம் சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரிக்குக் கியர் சைக்கிளில் செல்லவிருக்கிறோம். சென்ற ஆண்டு திண்டிவனத்தை எட்டுவதற்குள் பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பிகள் உடைந்து, பயணத்தைக் கைவிட நேர்ந்தது. இம்முறை எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: மூட்டை முழுவதையும் பின்கேரியரில் கட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உடலின் எடையில் பெரும்பகுதியை ஏற்கெனவே பின்சக்கரம்தான் தாங்குகிறது; ஆகவே கனமான பொருள்களில் ஒரு பங்கை முன்புறத்துக்கு மாற்றுங்கள். புறப்படுவதற்கு முன் கம்பிகளை வீணை நரம்பைப் போல ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி, அதன் பாரத்தையும் பக்கத்துக் கம்பிகளே சுமக்கின்றன. பல்சக்கரப் பக்கத்தில் கம்பி உடைந்தால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் புதியதைக் கோப்பது கடினம். அதைக் கழற்றும் கருவி சாலையோரப் பஞ்சர் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது என்பதால், அதையும் சரியான நீளமுள்ள நான்கு கம்பிகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வழியில் உடைந்தால், உடைந்த துண்டை அடுத்த கம்பியில் சுற்றிவிட்டு, ரிம் உரசாதபடி பிரேக்கைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு அடுத்த ஊர்வரை மெதுவாகச் செல்லலாம்.

மதுரைக்குத் தெற்கே சீமைக்கருவேல முள் படுத்தும். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். முனை ஒடிந்து உள்ளே தங்கிய முள் இருந்தால் பஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும். இதைச் செய்யாமல் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சரானவர்களில் நானும் ஒருவன்.

ஆயினும் எனக்குக் கவலை தருவது காற்றுதான். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் காவல்கிணறு அருகே உங்களை வலப்புறத்திலிருந்து தள்ளும். அதைச் சமாளிக்க நீங்கள் வலப்புறம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது முந்திச் செல்லும் லாரி காற்றை ஒரு நொடி மறைத்துவிட்டால், சைக்கிள் அந்த லாரியை நோக்கியே சாயும். லாரியின் ஓசை கேட்டதும் வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே விடியலில் புறப்பட்டு, காற்று வலுக்கும் முன் முற்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடித்துக்கொள்ளுங்கள். பயணத்தை ஜனவரிக்குத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது வீசும் வாடை முதுகுப்புறமிருந்து துணை செய்யும்.

கேள்வி: நான்கு நாள் தொடர்ந்து ஓட்டியதில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. என்ன காரணம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பைக் கைப்பிடி அழுத்தியிருக்கிறது. கைப்பிடியைச் சற்று உயர்த்துங்கள். சீட்டின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னால் சரிந்து பாரமெல்லாம் கைகளில் இறங்கும், ஆகவே அதையும் மட்டமாக்குங்கள். கைகளின் நிலையை அடிக்கடி மாற்றுங்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்கு விரல்கள் வலுவிழந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.